கியூப்சாட் (10 சென்டிமீட்டர் கனசதுரமா செய்யற குட்டி சாட்டிலைட்) சூடு, குளிர், வேக்யூம் டெஸ்ட் (காத்த உறிஞ்சின பெட்டில வச்சு பாக்கறது): கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: அண்ணா, விண்வெளில அவ்ளோ குளிர்ங்கிறாங்க, அப்புறம் சாட்டிலைட் ஏன் சூடாகுது?

ப: காத்து இல்லயே தம்பி, சூட்ட யாரு எடுத்துட்டுப் போவா? கதிரா வெளிய போனாத்தான் உண்டு. வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட், 10 சென்டிமீட்டர் முகம் ஒன்னு நேரா காட்டினா 13.6 வாட். பளபளன்னு இருக்கற வெறும் அலுமினியம் வெயில கொஞ்சமாத்தான் வாங்கும், ஆனா வெளிய விடறதுல அதவிட கஞ்சன், அதான் சூடு ஏறும்.

கே: பூமி நிழல்ல போறப்ப சூடு எவ்ளோ இறங்கும்? கணக்கு போட எக்ஸெல் போதுமா சார்?

ப: முதல் கணக்குக்கு தாராளமா போதும். 1.3 கிலோ சாட்டிலைட், 90 நிமிஷ சுத்துல 35 நிமிஷம் நிழல், வரவு போக 11 வாட் வெளிய போகுதுன்னு வச்சா சராசரியா 20 டிகிரி இறங்கும். வெளி பேனல் மெலிசு, அது இன்னும் வேகமா இறங்கும். பேட்டரிய தனியா பாருங்க, லித்தியம் அயன 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணா செல் கெட்டுப்போகும்.

கே: எங்க மாடலும் (கம்ப்யூட்டர்ல போட்ட வெப்பக் கணக்கு) வேக்யூம் டெஸ்டும் 12 டிகிரி தள்ளி நிக்குது, சாஃப்ட்வேர் தப்பா?

ப: சாஃப்ட்வேர திட்டாதீங்க, ஸ்க்ரூவ பாருங்க :) ரெண்டு உலோகம் ஒட்டி நிக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அங்கங்க சின்னச் சின்ன புள்ளியிலதான் தொடும், மிச்ச இடைவெளில காத்து இருந்த வரைக்கும் அது சூட்ட கடத்துச்சு, வேக்யூம்ல அதுவும் போச்சு. மாடல்ல நீங்க ஜாயின்ட்ட ஒரே உலோகமா போட்டிருப்பீங்க, நானும் முதல் தடவ அப்படித்தான் போட்டு ரெண்டு வாரம் மண்டைய பிச்சிக்கிட்டேன். போர்டு அடியில கேப் பேட் (இடைவெளிய நிரப்பி சூட்ட கடத்தற மெத்து ஷீட்) வைங்க, ஸ்க்ரூ டார்க் (எவ்ளோ இறுக்கமா முறுக்கினீங்கங்கற அளவு) எழுதி வைங்க, அப்புறம் ஹீட்டர் வாட்ட மாத்தாம வெப்பநிலை நிலைக்கிற வரைக்கும் காத்திருந்து அந்த ரீடிங்க வச்சு ஜாயின்ட் மதிப்ப திருத்துங்க. 3லருந்து 5 டிகிரிக்குள்ள வந்தா நல்ல மாடல்.

கே: அப்ப லேப் ஓவன்ல பண்ணா ஆகாதா?

ப: சால்டர் விரிசல் கண்டுபிடிக்க ஓகே. ஹாட் ஸ்பாட் (ஒரே இடத்துல சூடு ஏறறது) மட்டும் ஓவன் காத்துல ஒளிஞ்சிக்கும்.

கே: வேக்யூம் பெட்டில பம்ப் காத்த உறிஞ்சறப்பவே ரேடியோ ஆன் பண்ணி பாக்கலாமா?

ப: ஐயோ வேணாம்! பாதி காத்து இருக்கற அழுத்தத்துலதான் கொரோனா டிஸ்சார்ஜ் (காத்து வழியா மின்சாரம் கசியறது) வரும், ரேடியோவோட பவர் ஆம்ப் (சிக்னல பெருக்கற பகுதி) போயிடும். 10 பவர் மைனஸ் 5 (அதாவது 0.00001) மில்லிபார் பக்கம் போன அப்புறம் ஆன் பண்ணுங்க.

கே: டெஸ்ட் முடிஞ்சதும் பெட்டிக் கதவ எப்ப திறக்கலாம்?

ப: ரூம் சூட்டுக்கு கொண்டுவந்து, காஞ்ச நைட்ரஜன் விட்டு நிரப்பின பிறகு. அவசரப்பட்டா போர்டு மேலயே தண்ணி வேர்க்கும்.