ஒரு ராத்திரியைத் தாங்கும் வீடு: கேள்வி பதில்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் பண்ணைக்காரர்கள் கட்டிய ‘பாஸல்’ கல்வீடுகள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: இது ஒரு குட்டிக் கோட்டைதானே சார்?

கோட்டை என்றால் முற்றுகையைத் தாங்க வேண்டும். பாஸல் ஒரு ராத்திரியைத் தாங்கினால் போதும். 16ஆம் நூற்றாண்டில் எல்லையின் இரு பக்கமும் ‘ரீவர்’ என்ற கொள்ளையர்கள். ஆம்ஸ்ட்ராங், சார்ல்டன், ராப்சன் என்று குடும்பம் குடும்பமாக இதே தொழில். இருட்டில் வந்து, அக்கம்பக்கம் திரள்வதற்குள் மாட்டை ஓட்டிப்போக வேண்டும். அதுவரை கதவு அசையக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: மாடுகள் எங்கே?

வீட்டுக்குள்ளேயே. கீழே தொழுவம், மேலே குடியிருப்பு. சுவர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் கனம். தொழுவத்துக்கு ஜன்னல் கிடையாது, காற்றுக்கு ஒடுங்கிய இடுக்குகள் மட்டும். வாசல் வழக்கமாகக் குறுகிய பக்கச் சுவரில், ஒடுக்கமாக இருக்கும். கதவுக்குப் பின்னால் கணையமரம். அது உள்வாங்கச் சுவரின் கனத்துக்குள்ளேயே நீளமாகத் துளை விட்டிருப்பார்கள். இந்தத் துளையைத்தான் நான் எந்த பாஸலிலும் முதலில் தேடுவேன்.

கேள்வி: உள்ளிருந்து தாழ் போட்டவர் மேலே போவது எப்படி அண்ணா?

நல்ல கேள்வி. மேல்தளத் தரையில் ஒரு திறப்பு, அதற்கு ஓர் ஏணி. மனிதர்கள் வந்துபோகும் வாசல் தனி. அது நீளச் சுவரில், மேல்தளத்தில். அதற்கும் ஏணிதான், ஏறியதும் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கதவுக்குத் தீ வைத்துவிட்டால்?

வைத்தார்கள். அதனால் சில வீடுகளில் தொழுவ வாசலுக்கு நேர் மேலே ஒரு துளை, மேலிருந்தே தண்ணீர் ஊற்ற. சிலவற்றில் கீழ்த்தளத்துக்குக் கல் வளைவுக் கூரையே உண்டு.

கேள்வி: பணக்காரர் வீடா?

நடுத்தரம். பிரபுக்களுக்கு உயர்ந்த கோபுர வீடுகள் இருந்தன.

கேள்வி: இப்போது பார்க்க முடியுமா?

தாராளமாக. நார்தம்பர்லாந்தில் டார்செட் பள்ளத்தாக்கின் பிளாக் மிடன்ஸ் பாஸல், பழஞ்சின்னங்களைப் பேணும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. ஹோலிஸ்டோன் அருகே உட்ஹவுசஸ் பாஸலில் 1602 என்று பொறித்திருக்கும். மறு வருடமே ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இரு நாட்டுக்கும் ராஜா! ஆனாலும் பயம் உடனே தெளியவில்லை, அதன் பிறகும் பாஸல் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். போனால், வெளியே தெரியும் கல் படிக்கட்டை வைத்து ஏமாறாதீர்கள். பெரும்பாலும் அது நிலைமை அடங்கியபின் சேர்த்தது.