ஒன்பது கிளப்பில் ஆடியவர் எந்த பெஞ்சில் உட்காரலாம்?

வாசகர் கேள்வி:

எனக்கு 33 வயது. தொழில்முறைக் கூடைப்பந்தில் பாயின்ட் கார்ட், அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். 11 சீசனில் 5 நாடுகள், 9 கிளப்கள். எங்கும் நட்சத்திரமாக இருந்ததில்லை. பெரும்பாலும் முதல் ஐவரில் ஒருவருக்கு ஓய்வு கொடுக்க இறங்குகிறவன். இடது முழங்காலில் இரண்டு முறை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. கோச் ஆக வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, இரண்டாம் டிவிஷன் கிளப்பில் ஒரு வருடம் ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் இருப்பது. மற்றது, முன்பு எனக்குக் கோச்சாக இருந்தவர் தன் முதல் டிவிஷன் அணிக்கு மூன்றாவது அசிஸ்டென்டாகக் கூப்பிடுகிறார். வேலை பெரும்பாலும் வீடியோ. சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. போன கிளப் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது. "எப்போதுதான் ஒரே ஊரில் இருக்கப்போகிறோம்?" என்று மனைவி கேட்கிறார். எதை எடுப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

வீடியோ வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் பாதிக்கும் கீழே என்று தெரிந்துதான் சொல்கிறோம்.

ஆட்டக்காரர்-கோச் என்ற பதவிக்குப் பெரிய பெயர்கள் உண்டு. பில் ரஸ்ஸல் அப்படி இருந்துதான் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 1968, 1969 இரண்டு ஆண்டும் அமெரிக்க லீகான என்பிஏவின் பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் 1978-79 சீசனில் டேவ் கவன்ஸ் இருந்ததற்குப் பிறகு அந்த லீகில் ஆட்டக்காரர்-கோச் யாருமே இல்லை. உங்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் நேரடியானது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி டைம்-அவுட் கேட்கும் உரிமை ஹெட் கோச்சுக்கும் முதல் அசிஸ்டென்டுக்கும்தான். அதையும் ஸ்கோர் மேஜையில் இருப்பவரின் கண்ணில் படும்படியோ நேரில் போயோ சைகையோடு கேட்க வேண்டும். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, அதிலும் கடைசி 2 நிமிடத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. எதிரணி அடுத்தடுத்து எட்டுப் பாயின்ட் போடும்போது நீங்கள் பந்தோடு அரைக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். பந்து இல்லாத பக்கம் என்ன கெடுகிறது என்று பார்க்க அப்போது கண் ஏது? பயிற்சியிலும் இதே கதைதான். நீங்களும் டிரில்லுக்குள் ஓடினால் வெளியே நின்று யார் திருத்துவது? போதாக்குறைக்கு அந்த முழங்கால். சீசன் முடிவில் ஆட்டக்காரராகவும் உங்களை யாரும் தேடமாட்டார்கள், கோச்சாகவும் உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த வழியில் போய் ஜெயித்தவர் இல்லாமல் இல்லை. 2019-இல் டொரன்டோ ராப்டர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த நிக் நர்ஸ், இங்கிலாந்தில் ஆட்டக்காரர்-கோச்சாக இருந்தவர்தான். அப்போது அவருக்கு வயது 23. தவறு செய்து திருத்திக்கொள்ள அவருக்கு இருந்த வருடங்கள் உங்களுக்கு இல்லை.

உங்களுக்குப் பொருந்தும் பாதை வேறு. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஜெர்மனியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு 1995-இல் மயாமி ஹீட்டின் வீடியோ அறைக்குள் போனார். அதே அணிக்கு ஹெட் கோச் ஆனது 2008-இல். கென்னி அட்கின்சனை 1990-இல் என்பிஏ அணி எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. பத்து வருடத்துக்கும் மேல் ஐரோப்பாவில் கிளப் கிளப்பாக ஆடினார், பிறகு என்பிஏவில் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகப் பழக்கும் வேலையில் தொடங்கி 2016-இல் புரூக்ளின் நெட்ஸின் ஹெட் கோச் ஆனார். இமே உடோகாவும் உங்களைப் போலப் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தவர்தான். 2012-இல் சான் அன்டோனியோவில் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார், 2021-இல்தான் அவருக்கு ஒரு அணி சொந்தமாகக் கிடைத்தது. ஒன்பது வருடம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்பது கிளப் மாறியதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கோச் வேலைக்கு உங்களிடம் இருக்கும் மூலதனமே அதுதான். ஒரே அணியில் பத்து வருடம் ஆடிய நட்சத்திரத்துக்கு ஒரு முறைதான் தெரியும். ஒரே விஷயத்தை நான்கு கோச்சுகள் நான்கு பெயரில் சொல்லிக் கேட்டவர் நீங்கள். பிக் அண்ட் ரோல் என்பது, பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் காவலரை இன்னொருவர் குறுக்கே நின்று மறித்துவிட்டு (அதுதான் ஸ்க்ரீன்) கூடையை நோக்கி உருளுவது. அது பக்கவாட்டில் நடக்கும்போது பந்து வைத்திருப்பவரை நடுவுக்கு விடாமல் ஓரக்கோட்டுப் பக்கமே தள்ளும் தடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அணியில் அது "ஐஸ்", இன்னொன்றில் "டவுன்", மற்றொன்றில் "ப்ளூ". பெயர் போகட்டும். காவலர் எந்தக் காலை முன்னே வைத்தார், உயரமானவர் கூடைப் பக்கமாக எவ்வளவு உள்ளே காத்திருந்தார், உள்ளே உருளுபவரை எந்தக் கார்னரிலிருந்து வந்து மறித்தார்கள், எதிரணியின் உயரமானவர் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நகர்ந்து நின்றபோது அது எப்படி உடைந்தது, இவையெல்லாம் நீங்கள் உடம்பால் அறிந்தவை. எழுதி வைக்காவிட்டால் இரண்டே வருடத்தில் மங்கிவிடும்.

சீசன் தொடங்குமுன் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் பிக் அண்ட் ரோலைத் தடுத்த முறைகள், அதிகம் ஓட்டிய ஐந்தாறு செட்கள் (முன்பே வகுத்துப் பழகிய தாக்குதல் ஆட்டங்கள்), ஓரக்கோட்டிலிருந்தும் கூடைக்கு அடியிலிருந்தும் பந்து போடும்போது ஆடியவை இரண்டிரண்டு, பிரஸ்ஸை (கோர்ட் முழுக்க நெருக்கித் தடுப்பதை) உடைத்த விதம். கோர்ட் படம் வரைந்து அரைப் பக்கம் போதும். வரையும்போதே ஓட்டை தெரிந்துவிடும். பாயின்ட் கார்டுக்குத் தன் ஓட்டம் மட்டும்தான் துல்லியமாக நினைவிருக்கும். ஸ்க்ரீன் விழும் நேரத்தில் மறு கார்னரில் நிற்கும் ஐந்தாவது ஆள் அங்கேயே நிற்கிறாரா, மேலே ஏறுகிறாரா? பதில் வரவில்லை என்றால் அந்த செட் உங்களுக்கு இன்னும் தெரியாது. பழைய ஆட்டங்களின் பதிவைத் தேடிப் பார்த்து நிரப்புங்கள்.

இனி வீடியோ. எதிரணியின் கடைசி நான்கைந்து ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு முறை பந்து கைக்கு வந்தபோதும் என்ன செட், எந்த இடத்தில் ஸ்க்ரீன், எப்படித் தடுத்தார்கள், முடிவு என்ன என்று குறிக்க வேண்டும். 40 நிமிட ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஏறத்தாழ 70 முதல் 80 முறை பந்து வரும். முதல் ஆட்டத்தைக் குறிக்க உங்களுக்கு நான்கு மணி நேரம்கூட ஆகலாம். பயப்பட வேண்டாம், கை பழகப் பழகக் குறையும். ஹெட் கோச்சுக்கு 40 கிளிப் வரை கொடுக்கலாம். அணிக்கு 10, 12 போதும், மொத்தம் எட்டு நிமிடத்துக்குள். அதற்கு மேல் போனால் பின்வரிசையில் தலை சாயும். அந்தப் பின்வரிசையில் எத்தனை சீசன் உட்கார்ந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

புதிதாக வெட்டுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, கிளிப்பை ஷாட்டுக்குப் பக்கத்தில் தொடங்குவது. ஷாட் போவதைப் பார்த்து யாரும் எதையும் கற்க முடியாது. ஸ்க்ரீனுக்கு இரண்டு வினாடி முன்னால் தொடங்குங்கள். எதிரணி கார்ட் கையால் காட்டும் சைகை, முதல் பாஸ் போகும் பக்கம், ஸ்க்ரீன் போட வருபவர் திரும்பும் கோணம், மூன்றும் உள்ளே இருக்க வேண்டும். ஆட்டத்தன்று உங்கள் ஆட்களுக்குத் துப்புக் கொடுக்கப்போவது அந்த மூன்றும்தான். எதிரணி அடித்த கூடைகளை மட்டும் கோத்துவிடாதீர்கள். அதே செட்டை வேறொரு அணி மறித்த இரண்டு கிளிப்பும் சேர்த்தால்தான் இதை நிறுத்த முடியும் என்று ஆட்டக்காரர்கள் நம்புவார்கள். சொந்த அணியின் தவறுகளைக் காட்டும் நாளில், ஒரே ஆள் மூன்று கிளிப்பில் வருகிறார் என்றால் அணி கூடுமுன் அவரைத் தனியாக அழைத்துக் காட்டிவிடுங்கள். சபையில் முதல் முறையாகத் தன் தவறைப் பார்ப்பவர் அன்றைக்கு வேறெதையும் பார்க்கமாட்டார்.

எதிரணி ஆட்டக்காரர் ஒருவருக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். "வலப்பக்கம் ஓட்டினால் கூடை வரை போவார். இடப்பக்கம் ஓட்டினால் பாதியில் நின்று எறிவார். இடப்பக்கம் தள்ளுங்கள்." இப்படி எழுதினால் ஆட்டத்தில் நினைவு வரும். "திறமையான ஆல்ரவுண்டர்" என்று எழுதினால் வராது.

கோர்ட்டில் உங்களுக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஷூட்டிங் பழக்குவது. பாஸ் போடுவதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எறியும் பந்து அவர் முழங்காலுக்கோ தலைக்கு மேலோ போனால் ஒவ்வொரு ஷாட்டிலும் அவர் கையை மாற்றிப் பிடிக்கிறார், பழக்கமே கெடுகிறது. பந்து அவர் ஷாட்டைத் தொடங்கும் இடத்துக்கு, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, ஆட்டத்தில் வரும் கோணத்திலிருந்தே வர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கருத்துச் சொல்லாதீர்கள். நான்கைந்து விட்டு ஒன்று, அதுவும் இரண்டு சொல்லில். ஆடி ஓய்ந்தவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். செய்து காட்டிவிடுவார்கள். உங்கள் உடம்பு செய்வதைப் பார்த்து 20 வயதுக்காரரின் உடம்பு கற்காது. பாதம் எங்கே, கண் எங்கே, எப்போது என்று சொல்லில் கொடுக்கப் பழகுங்கள். முழங்காலுக்கும் அது நல்லது.

இன்னொன்று, சங்கடமானதுதான். அந்த அணியில் உங்களோடு ஆடிய யாராவது இருக்கக்கூடும். தனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அவர் உங்களிடம்தான் வந்து புலம்புவார். காது கொடுங்கள். "நானாக இருந்தால் உன்னை இறக்கியிருப்பேன்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் வாயிலிருந்து வரக் கூடாது. மறுநாள் அது ஹெட் கோச் காதில் இருக்கும். அவரோடு உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் கோச்சுகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள், ஒரு முறை.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேட்க வேண்டியவை: பதவியின் பெயர், எந்தத் தேதி வரை சம்பளம், வீடு யார் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேல், ஹெட் கோச்சை நடுவில் அனுப்பிவிட்டால் உங்கள் ஒப்பந்தம் என்னாகும். அவர் போனால் அவர் கூட்டி வந்தவர்களும் போவது இந்தத் தொழிலில் சாதாரணம். அணி ஆட்டங்கள் இல்லாத வாரங்களில் கிளப்பின் சிறுவர் அணி ஒன்றை உங்களிடம் விடச் சொல்லியும் கேளுங்கள். தானே ஆளை மாற்றி, தானே டைம்-அவுட் எடுத்துப் பழக வேறு இடம் கிடைக்காது. தேசியச் சம்மேளனத்தின் கோச் லைசென்ஸுக்கான முதல் நிலையையும் இப்போதே தொடங்குங்கள். மேல் டிவிஷனில் பெஞ்சில் உட்காரவே பல நாடுகளில் அது வேண்டும்.

பாக்கிச் சம்பளத்துக்கு வருவோம். பழைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். தகராறு வந்தால் பிஏடி எனப்படும் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற விதி அதில் இருக்கிறதா? ஜெனீவாவை இருக்கையாகக் கொண்டு 2007 முதல் இயங்கும் அமைப்பு அது. ஒற்றை நடுவர், ஆங்கிலத்தில் விசாரணை. தீர்ப்பான தொகையைக் கட்டாத கிளப் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போட முடியும் என்பதால் கிளப்கள் அதற்குப் பயப்படும். திருப்பித் தராத கட்டணம் ஒன்று உண்டு என்பதால், முதலில் தொகையும் கடைசித் தேதியும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அதுவரை "கணக்கெல்லாம் தீர்ந்தது" என்ற வாசகம் உள்ள எந்தத் தாளிலும், ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு நீட்டினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். பாதிச் சம்பளத்தில் ஒரு வருடம் ஓட்ட அந்தப் பணம் உங்களுக்குத் தேவைப்படும்.

மனைவியின் கேள்விக்கு நேராகவே சொல்கிறோம். அசிஸ்டென்ட் வேலையில் ஊர் மாறுவது குறையலாம், வீட்டில் இருக்கும் நேரம் கூடாது. பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். வீடியோ பார்ப்பவர் அப்போதுதான் உட்காருவார். ஆட்டம் முடிந்த இரவில் அடுத்த எதிரணியின் பதிவு காத்திருக்கும். இதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாரத்தில் எந்த மாலை உங்களுடையது இல்லை என்பதை அழைக்கும் கோச்சிடம் கேட்டு, அந்த அட்டவணையோடு இருவரும் உட்கார்ந்து பேசிவிட்டுப் பதில் அனுப்புங்கள். மனைவிக்கு ஒரே ஊர்தான் முக்கியம் என்றால், முதல் டிவிஷன் கிளப்களின் இளையோர் அகாடமிகளில் முழுநேர கோச் வேலைகள் இருக்கின்றன. சம்பளம் அங்கும் குறைவுதான், ஆனால் சீனியர் அணியின் ஹெட் கோச் போனாலும் அகாடமி கோச்சைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். அப்படி ஒரு இடம் உண்டா என்று அதே கிளப்பிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.