ரிஃப்ராக்டரி அனீமியாவுக்கு எந்த மருத்துவக் கோடு (code)? டி46 கேள்வி பதில்

கேள்வி: சார்ட்டில் 'ரிஃப்ராக்டரி அனீமியா' என்று மட்டும் இருக்கிறது. வகை குறிப்பிடாத ரத்தசோகைக்கான டி64.9 போடலாமா?

பதில்: வேண்டாம். இரும்புச்சத்து, வைட்டமின் எதைக் கொடுத்தாலும் அசையாத ரத்தசோகை என்பதால் வந்த பெயர் இது. அடியில் இருப்பது எலும்பு மஜ்ஜைக் கோளாறான மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் (எம்டிஎஸ்). அதனால்தான் அமெரிக்காவின் நோய்க் கோடு பட்டியலான ஐசிடி-10-சிஎம் இதை ரத்தநோய்களில் வைக்காமல் கட்டிகள் அத்தியாயத்தில், டி46-இல் வைத்திருக்கிறது. டி64-இன் கீழே உள்ள எக்ஸ்க்ளூட்ஸ்1 (இங்கே கோடு செய்யக் கூடாதவை) குறிப்பும் இதை விலக்கியே வைக்கிறது. வகை எதுவும் சொல்லாவிட்டால் டி46.4.

கேள்வி: அப்படியானால் டி46.0 எதற்கு?

பதில்: ரிங் சிடிரோபிளாஸ்ட் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும். இருக்கிறது என்றால் டி46.1. மஜ்ஜையை இரும்புச் சாயமிட்டுப் பார்க்கும்போது, இளம் சிவப்பணுவின் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையம் கட்டி நிற்கும். அதுதான் அந்த 'ரிங்'.

கேள்வி: மஜ்ஜை ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் (முதிராத ரத்த அணு) 12%. டாக்டர் 'எக்ஸஸ் பிளாஸ்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார். டி46.22 போட்டேன், ஆடிட்டில் தவறு என்கிறார்கள்.

பதில்: உங்கள் கணக்கு சரிதான். மஜ்ஜையில் 5 முதல் 9% வரை முதல் வகை, டி46.21, 10 முதல் 19% வரை இரண்டாம் வகை, டி46.22. ஆனால் எண்ணைப் பார்த்து நோயின் வகையை முடிவு செய்வது டாக்டர் வேலை. அவர் வகையைச் சொல்லாதவரை டி46.20தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே இடத்தில் சறுக்கினேன். எண் கண்முன்னே இருக்கும்போது கை தானாக 22-க்குப் போகும், தெரியும். ஆனால் அந்த வரி நோயாளியின் பதிவில் தங்கிவிடும். டாக்டர் சொல்லாத ஒன்றை நாம் அவர் பெயரில் எழுதிவிட்டோம் என்றாகிவிடும். டாக்டருக்கு க்வெரி அனுப்புங்கள். அதில் 'இரண்டாம் வகைதானே?' என்று கேட்காதீர்கள். 12% என்ற முடிவைக் காட்டி, வகையைக் குறிப்பிட முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: வெளிநோயாளி சார்ட்டில் 'எம்டிஎஸ் சந்தேகம்' என்று இருந்தால்?

பதில்: டி46 கூடாது. அன்று உறுதியானது எதுவோ அதை மட்டும் போடுங்கள். அனீமியா என்றிருந்தால் டி64.9. உள்நோயாளிக்கு விதி வேறு. டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'சந்தேகம்' என்றே இருந்தால், உறுதியானதைப் போலவே கோடு செய்யலாம்.

கேள்வி: டி46.5, டி46.6 இரண்டையும் சிஸ்டம் ஏற்கவில்லை.

பதில்: அவை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 கோடுகள். சிஎம்மில் பல அணுவரிசை பாதிப்புக்கு டி46.ஏ, அதோடு ரிங் சிடிரோபிளாஸ்டும் இருந்தால் டி46.பி, 5க்யூ இழப்பு (ஐந்தாம் குரோமோசோமின் நீளக் கையில் ஒரு பகுதி இல்லாமை) மட்டும் இருந்தால் டி46.சி.

கேள்வி: பழைய சார்ட்டில் 'ஆர்ஏஇபி-டி' (எக்ஸஸ் பிளாஸ்ட்ஸ் உள்ள, மாறிவரும் நிலையிலான ரிஃப்ராக்டரி அனீமியா) என்று இருக்கிறது. அதுவும் டி46-தானே?

பதில்: இல்லை, அக்யூட் மைலாய்டு லுகீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான சி92.0-. கடைசி இலக்கத்துக்கு ரெமிஷன் (நோய் அடங்கியிருத்தல்) நிலையைப் பாருங்கள்.