ஜன்னலை யார் திறப்பது? வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக மருத்துவர் பதில்

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் குமரி. அதனால் கதவும் ஜன்னலும் சாத்திக் கிடக்கும் நாள்களும் இங்கே அதிகம். இம்முறை வந்த கேள்விகள் பலவும் அந்தச் சாத்திய ஜன்னலைப் பற்றியவைதான்.

அம்மாவுக்கு 72 வயது. விறகடுப்புப் புகையில் பழுதடைந்த நுரையீரல். மாதம் ஒருமுறை குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் அழைத்துப் போகிறேன். மழை தூறினாலே எல்லா ஜன்னல்களையும் மூடிவிடுகிறார்கள்.

சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மூடினால் போதும். மறுபக்கம் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் நான்கு விரற்கடை திறந்திருந்தாலே, ஓடும் பஸ்ஸில் காற்று மாறிக்கொண்டிருக்கும். நடத்துநரிடம் தயங்காமல் கேளுங்கள். "அம்மாவுக்கு மூச்சுத்திணறல்" என்றால் நம் ஊரில் முகம் சுளிப்பவர்கள் குறைவு. மார்த்தாண்டம் நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் காற்றும் நின்றுவிடும். அதற்குத்தான் முகக்கவசம்.

எந்தக் கவசம் என்பது முக்கியம். நீல நிற மூன்றடுக்குக் கவசம் கன்னத்தோரம் இடைவெளி விடும். காற்று அந்த வழியாகவே போய்வரும். என்95 வாங்குங்கள், அல்லது ஐஎஸ் 9473 தரக்குறியீடு உள்ள எஃப்எஃப்பி2 வாங்குங்கள். வடிகட்டக் கடினமான 0.3 மைக்ரான் துகள்களிலும் குறைந்தது 95 சதவீதத்தை என்95 தடுக்கிறது. காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரு பட்டைகள் போகும் வகை நன்றாகப் பொருந்தும். மூச்சு விடும்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தால், மூக்கருகே உள்ள கம்பியை இன்னும் அழுத்த வேண்டும் என்று பொருள். நனைந்ததை மாற்றிவிடுங்கள்.

அம்மாவால் அதை அணிந்து மூச்சுவிட முடியவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். ஜன்னலோரம் அமரவைத்து, நீங்கள் வால்வு இல்லாத கவசத்தை அணிந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும் அவருக்குப் போட்டாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மனைவிக்குக் கீமோதெரபி நடக்கிறது. நெருங்கிய உறவில் திருமணம். மண்டபம் முழுவதும் ஏசி. போகாவிட்டால் மனத்தாங்கல் வரும்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது; அறையில் இருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றவிடும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், வெளிக்காற்று வராத ஓர் ஏசி உணவகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில், தொற்றோடு வந்தவரையும் சேர்த்து, 10 பேருக்குக் கொரோனா இருந்தது தெரியவந்தது.

மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள்தான் பொதுவாக நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். திருமண நாள் அதற்குள் விழுகிறதா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். விழுந்தால் போகவே வேண்டாம். இல்லையென்றால் என்95 அணிந்து தாலிகட்டு முடியும்வரை கதவோரம் இருந்துவிட்டு வாருங்கள். பந்தியில் மட்டும் உட்கார வேண்டாம். கவசத்தைக் கழற்றும் இடம் அதுதான், நெருக்கமும் அங்கேதான் அதிகம். சாப்பாடு வீட்டுக்கு வரட்டும். இதற்கு மனத்தாங்கல் கொள்ளும் உறவினரிடம் என் பெயரைச் சொல்லுங்கள்: டாக்டர் தடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி ஆலயத்தின் பின்னறையில் நடக்கிறது. குழுவில் மூவர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அறையை மாற்றுங்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். அவர்களில் 53 பேர் கொரோனாவால் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வரும் நுண்துளிகள் பேசும்போது வருவதைவிட அதிகம். மூடிய அறையில் சாம்பிராணிப் புகை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். மூச்சும் ஏறக்குறைய அப்படித்தான் தங்கும். வெளியே மாதா கெபி முன்னாலோ முற்றத்துப் பந்தலிலோ பாடுங்கள். மழை வந்தால் ஆலயத்தின் பெரிய கதவுகளை எல்லாம் திறந்து வைத்து உள்ளே பாடுங்கள்.

ஆவி பிடித்து, கையைச் சோப்பால் கழுவினால் போதாதா?

போதாது. ஆவி மூக்கடைப்பைச் சற்றுத் தளர்த்தும், அவ்வளவுதான். கை கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் மூச்சுக்காற்று கை வழியாகப் போவதில்லை.

முந்திரி ஆலையில் என் பக்கத்தில் வேலை செய்யும் அக்காவுக்குக் காசநோய். எனக்குச் சர்க்கரை நோய். வேறு இடம் கேட்கவா?

உங்கள் பயம் நியாயமானது. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் சரியான மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவரிடமிருந்து பரவுவது சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். நோய் இருப்பது தெரியாமல் இருமிக்கொண்டிருப்பவரிடம்தான் ஆபத்து அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற யாராக இருந்தாலும் அரசு சுகாதார நிலையத்தில் சளியை இலவசமாகப் பரிசோதிக்கலாம். நீங்களும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அந்த அக்காவுக்கு அது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அவரை ஒதுக்கினால், அடுத்து இருமல் வருபவர் அதை மறைப்பார். கேட்பதானால் இருவரும் சேர்ந்து மேற்பார்வையாளரிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாகர்கோவிலில் சிறிய கிளினிக் நடத்துகிறேன். நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஏசி போடலாமா?

வேண்டாம் என்பேன். நான் முன்பு பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் ஏசிக்காக ஜன்னல்களைத் திருகாணி போட்டு மூடியிருந்தார்கள். சிறுநீரகம் மாற்றிய ஓர் இளைஞரும் விடாமல் இருமும் ஒரு முதியவரும் ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்ததைப் பார்த்தேன். குணமாக வந்த இடத்தில் நோயை வாங்கிச் செல்லும்படி நாமே ஏற்பாடு செய்வது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. 1950க்கு முன் கட்டிய, கூரை உயர்ந்த, ஜன்னல் அகன்ற பழைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்தபோது காற்று மணிக்கு 40 முறை மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்த அறைகளில் 12 முறைதான். நம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, காற்று தெரியும்.

கொசுவலை அடித்த ஜன்னலில் காற்று சற்றுக் குறையும்; ஆனாலும் மூடிய கண்ணாடிக்கு அது எவ்வளவோ மேல். ஏசிக்கு வைத்திருக்கும் பணத்தில் எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வையுங்கள், மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். இருமுபவர்களுக்கு வாசல் திண்ணையில் நாற்காலி போடுங்கள். டோக்கன் எண்ணை உரக்கக் கூப்பிட்டால் அங்கே கேட்கும்.