ஹியூகனாட் வம்சக் குடும்பத்தின் வரலாற்றை எங்கே தேடுவது, வீட்டிலுள்ள பழைய தாள்களை எப்படிக் காப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: கணவர் வீட்டுப் பெயர் ஃபில்யூன். பூர்வீகம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, இப்போது இருப்பது டர்பனில். "1688 கப்பலில் வந்த ஹியூகனாட்கள் நாங்கள்" என்பது குடும்பத்தில் வழிவழியாய்ச் சொல்லும் பேச்சு. (ஹியூகனாட் என்றால் ஃபிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்.) மாமியார் ஒரு பழைய டச்சு பைபிளையும், செருப்புப் பெட்டி நிறையக் காகிதங்களையும் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்காக இதை எப்படி ஒழுங்கு செய்வது?

அந்தக் குடும்பப் பேச்சிலிருந்தே தொடங்கலாம். ஃபில்யூன்களின் மூதாதை ஃபிரான்சுவா வில்லியோன் 1688 கப்பலில் வரவில்லை. அவர் 1671-லேயே கேப்புக்கு வந்துவிட்டார். மனைவி கார்னெலியா காம்பெனார் டச்சுக்காரர். ஃபிரான்சில் புராட்டஸ்டண்டுகளுக்கு உரிமை தந்த 1598-ஆம் ஆண்டின் நாந்த் ஆணையை பதினான்காம் லூயி ரத்து செய்ததே 1685-ல்தான். அதன் பிறகு தப்பி ஓடியவர்களில் ஏறக்குறைய இருநூறு பேரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1688, 1689-இல் கேப்புக்கு ஏற்றிவந்தது. ஆக, வில்லியோன் ஹியூகனாட்தான், ஆனால் அந்தக் கப்பல் கதை அவருடையது அல்ல. இந்தத் துறையில் வரும் தவறுகளில் பாதி இப்படித்தான்: அடுத்த வீட்டுக் கதை நம் வீட்டுப் பெயரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கப்பலிலிருந்து கீழே இறங்கி வராதீர்கள். இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வேண்டும்.

அந்தத் தாள்கள் ஃபிரெஞ்சில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குடியேறியவர்களைக் கம்பெனி டச்சுக் குடும்பங்களுக்கு இடையிலேயே நிலம் கொடுத்து உட்கார வைத்தது. 1701-ல் பிள்ளைகள் டச்சே படிக்க வேண்டும் என்று மேலிட உத்தரவும் வந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் வீட்டிலிருந்தே ஃபிரெஞ்சு போய்விட்டது. எழுத்தர் டச்சுக்காரர், காதில் விழுந்ததை எழுதினார். திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆன அதே கதை. வில்லியோன் ஃபில்யூன் ஆனார், பினார் பீனார் ஆனார், லெ கிளெர்க் டி கிளர்க் ஆனார், ரெதிஃப் ரெட்டீஃப் ஆனார், தெ ப்ரே டு ப்ரியா ஆனார், செனெஷால் செனெகால் ஆனார். முன்பெயர்களும் மாறின: பியேர் பீட்டர், ஜான் யான், ஜாக் யாகோபுஸ், எத்தியேன் ஸ்டெஃபானுஸ். தேடும்போது ஒரு பெயருக்குக் குறைந்தது ஆறு எழுத்துக்கூட்டலாவது எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் பதிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இனி வரிசை. கேப்பில் பிறப்பு, இறப்பு அரசுப் பதிவு 1895-ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போக இரண்டு வழிகள்: தேவாலயப் பதிவேடு, இறந்தவரின் சொத்துக் கோப்பு. எனக்குப் பிடித்தது சொத்துக் கோப்பு, ஏனென்றால் ஒரே தாளில் ஒரு குடும்பமே கிடைக்கும். 1834 முதல் ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் ஒரு மரண அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். பிறந்த இடம், பெற்றோர் பெயர், வயது, தொழில், துணை, பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். இவை கேப் டவுனில் ரோலண்ட் தெருவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடும்போது கேப் டவுன் களஞ்சியத்துக்கு கேஏபி (KAB) என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். வரும் வரியில் மூலம் எம்ஓஓசி (MOOC), வகை 'லெயர்' (LEER), தொகுதி எண் 6/9 என்று தொடங்கினால் அதுதான் மரண அறிவிப்பு. ('லெயர்' என்றால் ஆஃப்ரிகான்ஸில் கோப்பு.) களஞ்சியம், மூலம், தொகுதி எண், குறிப்பு எண் நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டாலும் காப்பகத்தில் கோப்பு எடுக்க முடியாது.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கேப்பில் தேடி ஒன்றும் வரவில்லையென்றால், குடும்பம் 1830-களின் மாட்டுவண்டிப் பெயர்ச்சியில் வடக்கே போயிருக்கலாம். ஃப்ரீ ஸ்டேட்டுக்கு விஏபி (VAB), டிரான்ஸ்வாலுக்கு டிஏபி (TAB), நேட்டாலுக்கு என்ஏபி (NAB) என்று களஞ்சியத்தை மாற்றித் தேடுங்கள். மற்றொன்று, படிவத்தை நிரப்பியவர் மருமகனாகவோ பக்கத்துப் பண்ணைக்காரராகவோ இருக்கலாம். அவருக்கு இறந்தவரின் தாய் பெயர் தெரிந்திருக்காது. கீழே கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே உள்ளதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் பட்டியலைத் தாராளமாக நம்பலாம், ஏனென்றால் அங்கே பங்குப் பிரச்சினை இருக்கிறது. பெற்றோர் பெயரை இன்னொரு தாள் கிடைக்கும்வரை பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

1834-க்கு முந்தைய காலத்துக்கு அநாதைகள் சபை, டச்சில் வேய்ஸ்காமர், வைத்த சொத்துப் பட்டியல்கள் இருக்கின்றன. எம்ஓஓசி 8 என்ற தொடர் அது. அவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருப்பது பெரிய உபகாரம். ஒரு பட்டியலைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்கலாம். முதலில் இறந்தவர் பெயர், பிறகு உயிரோடிருக்கும் துணை, பிறகு பிள்ளைகள் எண் போட்டு. 'ஔட் 9 யாரன்' என்றால் 9 வயது. பட்டியலின் தேதியிலிருந்து 9-ஐக் கழித்து, அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்து ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடுங்கள். 'மெய்ர்டெர்யாரிக்' என்றால் சட்டப்படி வயதுவந்தவர். அந்தக் காலத்தில் அது 25 வயது, 18 என்று கணக்குப் போட்டால் ஏழு வருடம் தப்பும். அதன் பிறகு வீடு அறை அறையாக வரும்: முன்கூடத்தில் என்ன, சமையலறையில் எத்தனை செம்புப் பாத்திரம், பாதாள அறையில் எத்தனை பீப்பாய் ஒயின். தொகை ரிக்ஸ்டாலரில் இருக்கும். 1 ரிக்ஸ்டாலர் 48 ஸ்டைவர். உயிலிலேயே அநாதைகள் சபை தலையிடக் கூடாது என்று எழுதியிருந்தால் இந்தப் பட்டியல் இருக்காது. அப்போது உயில்கள் உள்ள எம்ஓஓசி 7 தொடரைப் பாருங்கள்.

அதே பட்டியலில், எருதுகளுக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இடையில், மனிதர்களும் இருப்பார்கள். ஒரு பெயர், அதன் பின்னால் 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் டெ குஸ்ட்' என்று வந்த இடம் இருக்கும். கடைசியாகச் சொன்ன 'கடற்கரை' நம் சோழமண்டலக் கரைதான். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக் கம்பெனியிடம் இருந்தது, பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை இருந்தது. இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் கேப்பின் திராட்சைத் தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். இதை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அவர்கள் வம்சாவளிக்குள்ளேயே இருக்கிறார்கள். வங்கத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற ஆங்கெலா 1669-ல் ஆர்னோல்டஸ் பாசோனை மணந்தார், இன்றைய பாசோன் குடும்பங்களின் மூதாட்டி அவர். ஆண்வழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இப்படிப்பட்ட பாட்டிகள் எல்லாரும் விட்டுப்போவார்கள். நல்ல வேளையாக, டச்சுப் பதிவுகளில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் வழியையும் ஒரு படியாவது ஏறிப் பாருங்கள். மறுபக்கம், ஃபிரெஞ்சுக் குடும்பப்பெயர் இருப்பதாலேயே ஒருவர் 1688-ல் வந்தவரின் வாரிசு ஆகிவிட மாட்டார். பின்னால் வந்த கம்பெனிச் சிப்பாய்களிலும் ஃபிரெஞ்சுப் பெயருள்ளவர்கள் உண்டு.

தேவாலயப் பதிவேடுகள் கேப் டவுனுக்கு 1665-லிருந்தும், ஹியூகனாட்கள் அதிகம் குடியேறிய டிராகன்ஸ்டைனுக்கு 1694-லிருந்தும் உண்டு. 1688-க்கும் 1694-க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளை ஸ்டெல்லன்பாஷ், கேப் டவுன் பதிவேடுகளில் தேட வேண்டும். மூலங்களுக்கு ஸ்டெல்லன்பாஷில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் காப்பகம் உண்டு. படங்கள் பெருமளவு ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் சாட்சிகள் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தாத்தா பாட்டி, பெரியப்பா, அத்தை வகையறாதான்.

பெயரிடும் வழக்கம் நமக்குப் பழகியதே. பேரன் என்ற சொல்லே தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே. அங்கே முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். தேடலுக்கு இது நல்ல துப்பு, ஆனால் சான்று அல்ல. இதனால் வரும் தலைவலியும் உண்டு. 1689-ல் வந்த டி வில்லியர்ஸ் சகோதரர்கள் மூவர்: பியேர், ஆப்ரஹாம், ஜாக். அவர்கள் பேரன்மார் காலத்தில் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வயதில், ஒரே பெயரில் பலர் இருந்திருப்பார்கள். மனைவி பெயரும் பண்ணைப் பெயரும் இல்லாமல் அவர்களைப் பிரிக்க முடியாது.

இதைச் சமாளிக்கத்தான் தென்னாப்பிரிக்காவில் டி வில்லியர்ஸ்-பாமா எண்முறை பயன்படுகிறது. முதலில் வந்தவர் ஏ. அவர் பிள்ளைகள் பி1, பி2, பி3. பி3-இன் இரண்டாம் பிள்ளை பி3சி2. அவருடைய ஐந்தாம் பிள்ளை பி3சி2டி5. குறியீட்டைப் பார்த்த உடனே எத்தனையாவது தலைமுறை, யார் வழி என்று தெரியும். ஒரே சிக்கல், பிற்பாடு நடுவில் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டால் கீழேயுள்ள எண்கள் எல்லாம் மாறும். அதனால் எண்ணைக் கோப்பின் பெயராக வைக்காதீர்கள். அட்டவணையில் மட்டும் வையுங்கள்.

இனி உங்கள் கையிலிருக்கும் பைபிள். முதல் வேலை, தலைப்புப் பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள். பிறகு குடும்பக் குறிப்புகளில் மிகப் பழைய தேதியைப் பாருங்கள். பைபிள் 1780-ல் அச்சாகி, குறிப்புகள் 1740-லிருந்து ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால், முதல் நாற்பது வருடம் யாரோ நினைவிலிருந்தோ வேறொரு ஏட்டிலிருந்தோ எழுதியது. பொய் என்று அர்த்தமல்ல, இரண்டாம் கைச் சான்று. மையும் கையெழுத்தும் பிறப்புக்குப் பிறப்பு மாறியிருந்தால் அது தங்கம்.

பைபிளைத் தட்டையாக 180 பாகைக்குத் திறக்காதீர்கள், முதுகு உடையும். இருபுறமும் சுருட்டிய துண்டு வைத்து, பாதி விரிந்த நிலையில் தாங்குங்கள். தோல் சிவப்புத் தூளாக உதிர்ந்தால் எண்ணெயோ பாலிஷோ போட வேண்டாம். அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, அளவான அமிலமற்ற பெட்டியில் படுக்க வையுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் திருப்பி எடுக்க முடியாத சேதம். கையுறை தேவையில்லை, கழுவி உலர்ந்த கை போதும். புதிய பிள்ளைகள் பெயரை அதிலேயே பால்பாயிண்டில் எழுதும் ஆசை யாருக்காவது வந்தால் தனி நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

டர்பனில் எதிரி ஈரம்தான். ஒரு சிறிய ஈரமானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். ஈரப்பதம் 35-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், பழைய இரும்பு மை தாளை இன்னும் வேகமாக அரிக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். சிலிக்கா ஜெல் பைகள் வைக்கலாம், மாதம் ஒருமுறை உலர்த்தாவிட்டால் பயனில்லை. நம் வீட்டுப் பழக்கமான அந்துருண்டையும் வேப்பிலையும் இங்கே வேண்டாம். அந்துருண்டையின் ஆவி புகைப்படங்களுக்கு ஆகாது, இலை கறை விடும்.

பெட்டிக் காகிதங்களை வகைபிரிக்கும் முன், எந்த உறைக்குள் எது இருந்தது என்று அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கலைத்த பிறகு அந்த வரிசை திரும்ப வராது. பெயரில்லாத ஒரு புகைப்படத்தில் இருப்பது யார் என்பதைப் பல சமயம் பக்கத்தில் இருந்த கடிதம்தான் சொல்லும். தாள்களை 400 டிபிஐ, புகைப்படங்களை 600, தீப்பெட்டி அளவுப் படங்களை 1200 என்று ஸ்கேன் செய்யுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் ஜேபெக். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாளில் தொடங்கினால் தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில்.

கல்லறைக் கல் படிக்க முடியவில்லை என்றால் சுண்ணாம்புக் கட்டியோ ஷேவிங் நுரையோ தேய்க்காதீர்கள். காலை எட்டு மணிக்குள் சாய்ந்த வெயிலில், அல்லது ஒரு நிலைக்கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் படம் எடுங்கள், மங்கிய எழுத்து மேலே எழும்பி நிற்கும்.

ஃபிரான்ஸ்ஹுக்கிலுள்ள ஹியூகனாட் நினைவு அருங்காட்சியகத்தை, உங்கள் வரிசை 1700-ஐத் தொட்ட பிறகு அணுகுங்கள். 1953-ல் தொடங்கிய தென்னாப்பிரிக்க ஹியூகனாட் சங்கமும் உண்டு. ஃபிரான்ஸ் பக்கத்து ஊர்ப் பதிவேடுகளை அதற்கும் பிறகு பாருங்கள். 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கேடயப் படம் விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஒரே பெயருள்ள எல்லாருக்கும் பொதுவான சின்னம் என்று ஒன்று கிடையாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: மாமியாரிடம் பெட்டியிலுள்ள புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். அதே நாளில், படத்தை வைக்கும் உறையின் மேல் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், சொன்னவர், சொன்ன தேதி எழுதிவிட்டு, அதன் பிறகு படத்தை உள்ளே போடுங்கள். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் படத்தில் தடம் விழும்.