டி அண்ட் டி ஆட்டத்தில் முன்வரிசையில் நின்று அடி தாங்கும் கதாபாத்திரத்தை எப்படி அமைப்பது?

நீங்கள் கேட்டது இது: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்னும், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடப் போகிறீர்கள். குழுவில் ஒரு விசார்ட் (மந்திரவாதி), ஒரு கிளெரிக் (குணமாக்கும் மதகுரு), ஒரு ரோக் (பதுங்கித் தாக்குபவர்) இருக்கிறார்கள். முன்னால் நிற்க ஆளில்லை என்பதால் அந்த வேலையை நீங்கள் ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். சீக்கிரம் சாகாத ஒருவரை எப்படி உருவாக்குவது?

சாகாமல் இருப்பது பாதி வேலைதான். எதிரி உங்களைக் கண்டுகொள்ளாமல் சுற்றிப் போய் விசார்ட்டைப் போட்டுத் தள்ளினால், உங்கள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதில் யாருக்கும் லாபமில்லை. அடி தாங்குவது ஒன்று, தாண்டிப் போக விடாமல் மறிப்பது இன்னொன்று. கதாபாத்திரத் தாளில் முதலாவது மட்டும்தான் பளிச்சென்று தெரியும். அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

முதலில் தாங்குவதைப் பார்ப்போம். நான் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன். 2024-ல் வந்த திருத்தப் பதிப்பில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. எதை வைத்து ஆடப் போகிறீர்கள் என்று உங்கள் டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவரிடம்) முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஆடுகிறவருக்கு ஃபைட்டர் (போர்வீரர்) வகுப்புதான் என் சிபாரிசு. தொடக்கத்திலேயே செயின் மெயில் (சங்கிலிக் கவசம்) கிடைக்கும், அதற்கு ஏசி 16; எதிரியின் பகடைக் கூட்டல் இந்த எண்ணை எட்டினால்தான் அடி விழும். கேடயம் எடுத்தால் 2 கூடும். ஃபைட்டிங் ஸ்டைலில் டிஃபென்ஸ் எடுத்தால் இன்னொரு 1. ஆக 19. ஒரு கோப்ளின் (குட்டி அரக்கன்) அடிக்கும்போது இருபது பக்கப் பகடையோடு 4-ஐக் கூட்டும். ஏசி 16 என்றால் அதன் அடி விழ 45 சதவீத வாய்ப்பு, 19 என்றால் 30. மூன்று அடியில் ஒன்று குறைந்துவிடுகிறது. ஓகர் (பெரிய அரக்கன்) 6 கூட்டும், அதற்கு 55-லிருந்து 40-க்கு இறங்கும். பெரிய வாளை இரு கையால் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் உங்கள் குழுவில் முன்னால் நிற்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே, கேடயத்தை விடாதீர்கள்.

இனத்துக்கு ஹில் ட்வார்ஃப் (மலைக் குள்ளர்). ஆறு திறன்களுக்கும் பிரித்து வைக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்களில் 15-ஐ ஸ்ட்ரெங்த்துக்கும் (உடல் பலம்), 14-ஐ கான்ஸ்டிடியூஷனுக்கும் (தாங்கும் சக்தி), 13-ஐ விஸ்டமுக்கும் (மன விழிப்பு) வையுங்கள். இனத்தால் கான்ஸ்டிடியூஷன் 16 ஆகும், விஸ்டம் 14 ஆகும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு ஹிட் பாயிண்ட் (விழுவதற்கு முன் தாங்கும் அடியின் அளவு) கூடுதலாக வரும். மொத்தம் முதல் லெவலில் 14, ஐந்தாம் லெவலில் சராசரிக் கணக்கில் 54. விஷத்துக்கு எதிர்ப்பும் உண்டு. நடை 25 அடிதான், ஆனால் கனமான கவசம் போட்டாலும் அதற்குமேல் குறையாது. கையில் 200 பொற்காசு சேர்ந்ததும் ஸ்ப்ளின்ட் கவசம் வாங்குங்கள், ஏசி 17. பிளேட் 18 தரும், விலை 1500. அதற்காகக் காத்திருந்து செயின் மெயிலிலேயே கிடக்க வேண்டாம்.

விஸ்டமுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ஃபைட்டருக்குப் பயிற்சி உள்ள சேவிங் த்ரோ (மந்திரம், விஷம் போன்றவற்றிலிருந்து தப்பப் போடும் பகடை) ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிடியூஷன் இரண்டு மட்டுமே. மனதைப் பிடிக்கும் மந்திரங்கள் பெரும்பாலும் விஸ்டமைத்தான் கேட்கும். ஹோல்ட் பெர்சன் இரண்டாம் நிலை மந்திரம்தான். அதில் மாட்டினால் கை கால் அசையாது, உங்களை அடிப்பவர்களுக்கெல்லாம் அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுப்பது), ஐந்து அடிக்குள்ளிருந்து விழும் ஒவ்வொரு அடியும் கிரிட்டிக்கல் (சேதப் பகடை இரட்டிப்பு). அந்த நேரத்தில் ஏசி 19 பெரிதாகக் காப்பாற்றாது. ஆறாம் லெவலில் ஃபைட்டருக்குத் திறனெண்ணைக் கூட்டவோ ஃபீட் எனப்படும் தனித்திறமை எடுக்கவோ, மற்ற வகுப்புகளுக்கு இல்லாத ஒரு கூடுதல் வாய்ப்பு வரும். அப்போது ரெசிலியன்ட் என்னும் ஃபீட்டை எடுத்து விஸ்டமைத் தேர்ந்தெடுங்கள். டிசி 14 (பகடைக் கூட்டல் எட்ட வேண்டிய எண்) உள்ள மந்திரத்தைத் தாங்கும் வாய்ப்பு 45-லிருந்து 60 சதவீதமாகிவிடும்.

இனி மறிப்பது. நான் உண்மையில் பேச விரும்புவது இதைத்தான்.

நாங்கள் ஆடுவது மடிப்பாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில். சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு 5 அடி என்று கணக்கு. கோப்ளின்களுக்குப் புளியங்கொட்டை, எங்களுக்குக் கேரம் காய். ஒருமுறை பத்தடி அகலப் பாதையில் ஃபைட்டரின் சிவப்புக் காய் மட்டும் முன்னால் நின்றது. அதாவது இரண்டு கட்டப் பாதையில் ஒரு கட்டம் காலி. புளியங்கொட்டைகள் ஒவ்வொன்றாக அந்தக் காலிக் கட்டம் வழியாகப் பின்னால் நழுவின. கோப்ளின்கள் போனஸ் ஆக்ஷனிலேயே (கூடுதல் சிறு செயல்) டிஸ்என்கேஜ் (அடி படாமல் விலகுவது) செய்யும், அதனால் தாண்டும்போது ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கும் (விலகிப் போகிறவர் மேல் விழும் அடி) விழாது. ஃபைட்டரின் ஏசியை அந்தச் சண்டையில் யாரும் சோதிக்கவே இல்லை. இரண்டாம் சுற்றிலேயே விசார்ட் விழுந்தார்.

இதற்கு மருந்து சென்டினல் என்னும் ஃபீட். நான்காம் லெவலில் இதைத்தான் எடுக்க வேண்டும், ஸ்ட்ரெங்த்தைக் கூட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். டிஸ்என்கேஜ் செய்து நழுவினாலும் நீங்கள் அடிக்கலாம். அடி பட்டுவிட்டால் அந்த முறை முடியும்வரை அதன் வேகம் பூஜ்யம், அங்கேயே நிற்கும். உங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் எதிரி வேறொருவரை அடித்தாலும் ரியாக்ஷனில் (அடுத்தவர் முறையில் செய்யும் பதில் செயல்) நீங்கள் திருப்பி அடிக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்ஷன்தான், கூட்டமாக வந்தால் ஒன்றைத்தான் நிறுத்த முடியும். மீதியைப் பாதையும் கதவும் தடுக்க வேண்டும். அகலமான இடத்தில் நடுவில் போய் நிற்காமல் ஐந்தடி வாசலைத் தேடி அதில் நில்லுங்கள். வேறு வேலையில்லை என்றால் டாட்ஜ் (தற்காத்து நிற்பது) செய்யுங்கள், உங்களை அடிக்க வருகிறவர்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுச் சிறியதை எடுப்பது).

பார்பேரியன் (வெறியோடு சண்டையிடும் வகுப்பு) கூடாதா என்றால், தாராளமாக. ஹிட் பாயிண்ட்டுக்குப் பன்னிரண்டு பக்கப் பகடை, ரேஜில் (வெறியில்) இருக்கும்போது வெட்டு, குத்து, மொத்து எல்லாவற்றின் சேதமும் பாதி. இரண்டாம் லெவலில் வரும் ரெக்லஸ் அட்டாக்கில் உங்களுக்கும் அட்வான்டேஜ், உங்களை அடிப்பவர்களுக்கும் அட்வான்டேஜ். பலர் இதைக் குறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது நல்ல தூண்டில். சுலபமாக அடி விழும் ஆளை விட்டுவிட்டு எதிரி ஏன் தள்ளிப் போகப் போகிறான்? விழும் அடியில் பாதிதான் உங்களுக்குச் சேரும். முதல் லெவலில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (நீண்ட ஓய்வு) இரண்டு ரேஜ்தான் என்பதால் ஒரே நாளில் நான்கைந்து சண்டை வைக்கும் டிஎம்மிடம் திணற வேண்டியிருக்கும். பாலடினும் (புனித வீரர்) நல்ல தேர்வு, ஆறாம் லெவலில் பக்கத்தில் நிற்பவர்களின் சேவிங் த்ரோக்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவார். ஆனால் மந்திரப் பட்டியல், சத்தியப் பிரமாணம் என்று படிக்க நிறைய இருக்கும், முதல் ஆட்டத்துக்குக் கனம்.

பின்கதையை அவசரத்தில் எழுதாதீர்கள். டிஎம் உங்களுக்கு ஏன் முன்னால் நிற்கத் தோன்றுகிறது என்று கேட்பார். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? கவர்ந்து போன மாடுகளை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு ஊர் வைத்த கற்கள். அப்படி ஒரு கல்லுக்குச் சொந்தமான குடும்பத்துப் பிள்ளை என்று வைத்துக்கொண்டாலே போதும், எதற்காக வாசலை விட்டு நகராமல் நிற்கிறார் என்பது ஆடுகிற உங்களுக்கே தெரிந்துவிடும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் என்றாவது ஹிட் பாயிண்ட் தீர்ந்து பூஜ்யத்துக்கு விழுவீர்கள். முன்வரிசையில் விழுவது எதிரிகளின் காலடியில் விழுவது. மயங்கிக் கிடக்கும்போது ஐந்தடிக்குள்ளிருந்து அடித்தால் ஒரே அடியில் இரண்டு டெத் சேவ் (உயிர் பிழைக்கப் போடும் பகடை) தோல்வி, மூன்றானால் கதை முடிந்தது. எனவே முதல் ஆட்டத்துக்கு முன்பே கிளெரிக் ஆடுபவரிடம் பேசி, ஹீலிங் வேர்டு என்னும் குணமாக்கும் மந்திரத்துக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பு) எப்போதும் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். 60 அடி தள்ளி நின்றே போடலாம், போனஸ் ஆக்ஷன்தான், ஒரு பாயிண்ட் ஏறினாலும் எழுந்துவிடுவீர்கள்.