அரைத்த சிலிக்கான் ஒளிருமா? கேள்வி பதில்

கே: சிலிக்கான் ஒளிராது என்றுதானே படித்தோம்? அரைத்தால் மட்டும் எப்படி ஒளிரும்?

ப: பெரிய படிகத்துக்கு நீங்கள் படித்தது சரி. அதன் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் படி) 1.12 எலக்ட்ரான் வோல்ட், அதுவும் மறைமுக இடைவெளி. ஒளி பிறக்க எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) சேர வேண்டும்; அதற்கு ஒரு ஃபோனானும் (படிக அதிர்வின் துணுக்கு) துணைக்கு வர வேண்டும். அதற்குள் ஆற்றல் வெப்பமாகிவிடும். தப்பி வரும் கொஞ்ச ஒளியும் 1100 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. படிகம் 5 நானோமீட்டருக்குக் கீழே சுருங்கினால், எக்ஸிட்டானுக்கு (கட்டுண்ட எலக்ட்ரான்-துளை ஜோடி) இடம் போதாமல் இடைவெளி அகலும், ஃபோனான் கட்டாயமும் தளரும். அப்போது புறஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். 1990இல் இங்கிலாந்தின் மால்வெர்னில் லீ கேன்ஹம் இதை அமிலத்தில் அரித்த நுண்துளைச் சிலிக்கானில் காட்டினார். பால் மில் (கலத்துக்குள் கடினக் குண்டுகள் மோதி அரைக்கும் கருவி) அதே அளவை எட்ட இன்னொரு வழி.

கே: 20 மணி நேரம் அரைத்தேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அளக்கும் சோதனை) 10 நானோமீட்டர். புறஊதா விளக்கில் ஒன்றுமே தெரியவில்லை.

ப: 10 என்பதே பெரிது. அதுவும் படிகத்தின் அளவுதான், துகளின் அளவு அல்ல. பல படிகங்கள் ஒட்டி ஒரே துகளாக இருக்கும். அரைக்கும்போது படிகம் திரிந்தாலும் எக்ஸ்ஆர்டி முகடு அகலும், அதைப் பிரித்துக் கணக்கிட்டீர்களா? இதைவிட முக்கியம் மேற்பரப்பு. அரைத்தல் பிணைப்புகளை முறித்துப் போடுகிறது. முறிந்து தொங்கும் ஒரே ஒரு பிணைப்பு போதும், ஒரு நானோ படிகத்தின் ஒளியை அணைக்க. மெல்லிய ஆக்சைடோ ஹைட்ரஜனோ கரிமத் தொகுதியோ அதை மூட வேண்டும்.

கே: எஃகு குண்டு போடலாமா?

ப: இரும்பு கலக்கும். சிர்கோனியா என்ற கடினப் பீங்கான் குண்டும் தேயும், ஆனால் அதன் தொல்லை குறைவு.

கே: 1-ஆக்டைன் என்ற கரிமத் திரவத்தில் அரைத்தோம். நல்ல நீலம்! 2 நானோமீட்டர் துகள் கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

ப: அவசரப்படாதீர்கள். 2007இல் துலேன் பல்கலைக்கழகத்தினர் இவ்வகையில் அரைத்து நீல ஒளி பெற்றது உண்மை. ஆனால் குண்டுகளின் மோதலில் கரிமத் திரவமும் சிதைந்து நீலமாக ஒளிரும் பொருள்களைத் தரலாம். சிலிக்கான் போடாமல் அதே திரவம், அதே குண்டு, அதே நேரம் ஒரு காலி ஓட்டம் ஓட்டுங்கள்.

கே: (அவரே) அப்படியானால் குவாண்டம் விளைவையே மறுக்கிறீர்களா? துகள் சிறுத்தால் நீலம் வரத்தானே வேண்டும்?

ப: மறுக்கவில்லை. அளவா, மேற்பரப்பா என்பது கேன்ஹம் காலத்திலேயே தொடங்கிய வழக்கு. 1992இல் ஸ்டுட்கார்ட் குழு ஒன்று, ஒளிர்வது சிலாக்சீன் என்ற சேர்மம் என்றது. 1999இல் இன்னொன்று தெளிவானது: ஆர்கான் என்ற மந்த வாயுவில் காத்த நுண்துளைச் சிலிக்கான் அளவுக்கேற்ப நீலம்வரை ஒளிர்ந்தது, ஆக்சிஜன் பட்டதும் சிவப்புக்கு நகர்ந்தது. ஆக்சிஜன் உட்கார்ந்த இடத்தில் எலக்ட்ரான் சிக்கிவிடுகிறது. உங்கள் துகள் காற்றில் திறந்ததா? அப்படியானால் 'சிறுத்தது, அதனால் நீலம்' என்ற வாதம் தானாக நிற்காது. ஒளி அணையும் நேரத்தையும் அளந்து பாருங்கள். சிலிக்கான் படிகத்தின் சிவப்பு மைக்ரோ வினாடிகளில் மங்கும். நானோ வினாடியில் மங்கும் நீலத்துக்கு வேறு பிறப்பிடம் இருக்கலாம்.

கே: ஆர்கானில் அரைத்த கலத்தை உடனே திறக்கலாமா?

ப: கூடாது. புதிதாக முறிந்த பரப்பில் காற்றுப் பட்டால் தூள் தீப்பிடிக்கலாம். ஆறவிட்டு, காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் திறக்க வேண்டும்.

கே: எனக்கும் ஒளிரவில்லை, 30 மணி நேரம் அரைத்தேன்.

ப: இரண்டாம் பதிலைப் படியுங்கள். மணி நேரத்தைக் கூட்டினால் மேற்பரப்பு சரியாகாது.

கே: வீட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கழுவலாமா?

ப: வேண்டாம். தோல் வழியே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பறிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பயிற்சி பெற்றவர் துணையும் உள்ள ஆய்வகத்தில் மட்டும்.

கே: இதில் லேசர் எப்போது வரும்?

ப: என் துறை அல்ல. ஒளியியல் கருவிக்காரரைக் கேளுங்கள்.

கே: (ஆக்டைன்காரர்) மில்லைக் கழுவ, சிலிக்கான் இல்லாமல் ஓட்டிய திரவம் பாட்டிலில் இருந்தது. விளக்கில் காட்டினேன். அதுவும் நீலம்.

ப: மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. இரண்டின் நிறமாலையையும் அணையும் நேரத்தையும் ஒரே தாளில் வரைந்து அனுப்புங்கள். எது சிலிக்கானுடையது என்று சேர்ந்து பார்ப்போம்.